ஒன்றாம் நம்பர் டெலிபோன்

வீரகம்பீர ராஜாவின் நாட்டில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் உண்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு டெலிபோன் கம்பி புறப்பட்டு, தெருவுக்கடியில் ஓடி, எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேரும். பேச்சும் அந்தக் கம்பியில்தான், இன்டர்நெட்டும் அதில்தான். எந்தக் கம்பி எந்த இன்டர்நெட் தளத்துக்குப் போய்வந்தது என்று எக்ஸ்சேஞ்சில் ஒரு பதிவேடு இருந்தது. இது மந்திரி அகோரமூர்த்திக்குத் தெரியும். மங்களவல்லிக்குத் தெரியாது.

மங்களவல்லி சபையின் ஆலோசகி. ராஜா போடும் முடிச்சையெல்லாம் அவிழ்ப்பவள். அதனாலேயே மந்திரிக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஒரு நாள் அவர் பதிவேட்டோடு வந்து நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர், மங்களவல்லி வீட்டுக் கம்பி, போன வாரம் மூன்று தடவை அயல்நாட்டுக் குடியேற்றத் தளத்துக்குப் போயிருக்கிறது என்றார். ராஜ்ஜிய ரகசியம் அறிந்தவள் ஓடப் பார்க்கிறாள், பத்து வருஷம் உள்ளே போட வேண்டும் என்றார்.

அந்தத் தளத்தைப் பார்த்தது மங்களவல்லியேதான். மந்திரியின் தொல்லை தாங்காமல் பார்த்தாள். இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. பத்து வருஷம் கழித்து வந்தால் அதற்குத் தன் முகம் தெரியுமா?

"என்னம்மா சொல்கிறாய்?" என்றார் ராஜா.

நாட்டின் ஒன்றாம் நம்பர் டெலிபோன் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். "மந்திரியார் நடுவிலிருந்து வாசிக்கிறார், மகாராஜா. துரோகியைத் தேடுவதென்றால் ஒன்றாம் நம்பரிலிருந்து தேடட்டுமே."

ஊரார் சங்கதி என்றால் ராஜாவுக்கு வெல்லக்கட்டி. வாசியும் என்றார். மந்திரி முதல் பக்கத்தைப் புரட்டினார். புரட்டியவர் பதிவேட்டை மூடப் பார்த்தார். ராஜா அதட்டியபிறகுதான் வாசித்தார். அரண்மனைக் கம்பி. அயல்நாட்டுக் குடியேற்றம், நாற்பத்தொரு தடவை. வழுக்கைக்கு வைத்தியம், தினமும். கல்யாண வரன் தளம், பதினேழு தடவை.

சபை தரையைப் பார்த்தது. மகாராணி ராஜாவைப் பார்த்தாள்.

"போனது கம்பிதானே," என்றார் ராஜா அவசரமாக. "அரண்மனை முழுக்க ஒரே மோடம். முன்னூறு பேர் இருக்கிறோம். யார் பார்த்தார்கள் என்று கம்பி சொல்லுமா?"

"சொல்லாது, மகாராஜா. என் வீட்டிலும் மாமனார், மாமியார், கொழுந்தன் என்று ஏழு பேர் இருக்கிறோம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். வழக்கு தள்ளுபடி. இனி எந்த வீட்டுப் பதிவையும் யாரும் பார்க்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

மகாராணி சிரிக்கவில்லை. மந்திரியிடம் கையை நீட்டினாள். "வரன் தளத்துக்குப் போன நேரமும் அதில் எழுதியிருக்குமே. இப்படிக் கொடும்."

ராஜாவுக்கு வேர்த்தது. மங்களவல்லி மெல்ல முன்னால் வந்தாள்.

"மகாராணி மன்னிக்க வேண்டும். இப்போதுதான் மகாராஜா உத்தரவு போட்டார்கள். அரண்மனையும் ஒரு வீடுதான்."

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். மகாராணியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டாவது மாலையையும் கழற்றிக் கொடுத்தார்.