ஈரத்துணி நனைத்த யாங்கி அம்மையார்

பனிமலைகளுக்கு அப்பால், ஆண்டில் பாதி உறைந்து கிடக்கும் ஓர் ஏரியின் கரையில் துறவுப் பெண்களின் மடம் ஒன்று இருந்தது. அங்கே துறவியரை ஆனி என்பார்கள். மரியாதைக்கு ஒரு 'லா' சேர்த்துக்கொள்வார்கள். அந்த மடத்தில் யாங்கி என்னும் அம்மையார் துறவுக் கோலமும் இல்லாமல், கூலியும் கேளாமல் தொண்டு செய்து வந்தார். விடியலில் தாரா தேவியின் சந்நிதிக்குப் போவார். முந்தின நாள் படைத்த நீர், கிண்ணங்களில் கல்லாக உறைந்திருக்கும். அதைத் தட்டிக் கவிழ்த்து, கிண்ணங்களைத் துடைத்து, புது நீர் வார்த்து வைத்து, "அம்மா, இன்றைக்கும் வந்துவிட்டேன்" என்பார். பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு இறங்குவார்.

அந்த மடத்து ஆனிகள் உள்வெப்பம் எழுப்பும் யோகம் பழகினார்கள். மூச்சை அடிவயிற்றில் குடத்து நீர்போல் நிறுத்தி, தொப்புளுக்குக் கீழே ஒரு சிறு சுடரை நினைக்கும் யோகம் அது. கடுங்குளிரில் ஏரிக்கரைக் கல்வீட்டில் அதற்குச் சோதனை நடக்கும். பனிநீரில் தோய்த்த பருத்தித் துணியை வெற்றுத் தோளில் போர்த்துவார்கள். உடம்பின் சூட்டில் அது காய வேண்டும். காய்ந்தால், தலைமைத் துறவியான பல்மோ ஆனி தொட்டுப் பார்த்து, "உலர்ந்தது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ குளிர்காலம் காத்திருந்தவர்கள் உண்டு. அந்தக் கல்வீட்டில் தீ மூட்டக் கூடாது, விறகும் வரட்டியும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது மடத்தின் விதி.

துணியை நனைத்துக் கொடுப்பது யாங்கியின் வேலை. அதைப் போர்த்திக்கொண்டு உட்கார அவருக்கு அனுமதி இல்லை.

அதற்கொரு காரணம் இருந்தது. முன்பு ஒரு குளிர்காலத்தில், காய்ச்சல் கண்ட தம் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு அவர் மலைவழி நடந்து வந்தார். பனி பிடித்துக்கொண்டது. ஏரியின் மறுகரையில் தார்ப்பா என்பவரின் வீடு இருந்தது. யாங்கி கதவைத் தட்டினார். ஊரில் அம்மை பரவியிருந்த காலம். சன்னல் இடுக்கில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. "போ, போ! நோயை இங்கே கொண்டுவராதே!" என்று குரல் வந்தது. கதவு திறக்கவில்லை. அந்தச் சுவரோரத்திலேயே பிள்ளை அவர் மடியில் குளிர்ந்து போனான்.

பிள்ளை போன பிறகு யாங்கிக்கு ஒரே நினைவுதான் மிஞ்சியது: என் உடம்பில் சூடு போதவில்லை. மடத்துக்கு வந்தார். ஆனிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சுவருக்கு வெளியே நின்று கேட்டார். யாரிடமும் சொல்லாமல் மூச்சைப் பிடித்தார். சுடரை நினைக்கச் சொன்ன இடத்தில் அவர் தார்ப்பாவின் கதவை நினைத்தார். கோபமும் வெப்பம்தானே என்று எண்ணினார். வாயைக் கட்டி அடுப்பில் ஏற்றிய பானை என்ன ஆகும்? ஒருநாள் உயிர்க்காற்று கீழே நிற்காமல் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. கை நடுங்கியது. காரணமில்லாமல் சிரித்தார், சிரிப்பு முடியுமுன் அழுதார். காற்றுப் பிடித்தவள் என்று பெயர் விழுந்தது.

பல்மோ ஆனிதான் அவரை மீட்டார். சூடான வெண்ணெயை நெஞ்சுக்குழியிலும் முதுகிலும் தேய்த்தார். எலும்புச் சாறு ஊட்டினார். உள்ளங்கைகளை உரசிக் கண்ணில், நெஞ்சில், வயிற்றில் வைத்து, மூச்சை நீளமாக வெளியே விடச் சொன்னார்.

"உனக்கு அடக்குவது இனி கிடையாது, யாங்கி. விடுவது மட்டும்தான்."

"கோபம் வந்தால், ஆனி லா?"

"விரட்டாதே. தேவிக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வை."

அந்த எளிய பயிற்சியைத்தான் யாங்கி அன்று முதல் செய்து வந்தார். இளைய ஆனிகளுக்கு அது வேடிக்கை. ஆங்மோ என்பவள் வாய்த்துடுக்கு மிக்கவள். "அச்சே லா," என்பாள். அக்கா என்று பொருள். "இன்றைக்கு உங்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? சொன்னால் கொடியை அந்தப் பக்கம் கட்டிவிடுவேன்." யாங்கியும் சிரிப்பார். சிரித்துவிட்டு, வெடித்துப்போன உள்ளங்கைகளை உரசிக் கண்களில் வைத்துக்கொள்வார்.

சோதனை நாள் வந்தது. ஆனிகள் இறங்கி வருமுன் யாங்கி ஏரியின் பனியை உடைத்து ஒரு துளை திறந்து, துணிகளை நனைத்துக் கரையில் அடுக்கினார். ஆபத்து என்று காட்டத் திறந்த இடத்தில் ஊன்றும் கொம்பை எடுக்கத் திரும்பினார். அந்த நேரம் பார்த்துப் பனிக்காற்று இறங்கியது. மடம் மறைந்தது, மலை மறைந்தது.

வெள்ளை இருட்டுக்குள்ளிருந்து ஓர் உருவம் உறைந்த ஏரிமேல் நடந்து வந்தது. முதுகில் ஒரு வெண்ணெய் மூட்டை. இடுக்கு வழியே பார்த்த முகத்தை யாங்கி மறந்திருக்கவில்லை. அது மூப்படைந்திருந்தது, அவ்வளவுதான். தார்ப்பா நேராக அந்தத் துளையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

கத்த வேண்டும். யாங்கி வாயைத் திறந்தார். ஒரு மூச்சு நேரம் குரல் வரவில்லை.

குரல் வந்தபோது தார்ப்பா நீருக்குள் இருந்தார்.

யாங்கி குப்புற விழுந்து தவழ்ந்து போனார். நனைத்த துணிகளை முடிச்சுப் போட்டு வீசினார். கிழவர் பிடித்துக்கொண்டார். யாங்கி இழுத்தார், வழுக்கினார், மறுபடி இழுத்தார். கல்வீட்டுக்குள் கொண்டு சேர்த்தபோது கிழவரின் உதடுகள் நீலமாகியிருந்தன. மேலங்கியைக் கழற்ற முடிந்தது. உள்சட்டை உடம்போடு உறைந்து ஒட்டிக்கொண்டது. தீ இல்லை. வரட்டி இல்லை. மடத்துக்குத் தூக்கிப்போக வழியே தெரியவில்லை. யாங்கி தம் கம்பளி அங்கியைத் திறந்து, அவரை மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்து மூடிக்கொண்டார். தம் பிள்ளையை அணைத்த அதே அணைப்பு. அது நினைவுக்கு வந்ததும் நெஞ்சு இறுகியது.

சூடு வேண்டும், சூடு வேண்டும் என்று மூச்சைப் பிடித்தார். பழைய தவறு. உடனே காற்று மேலே பாய்ந்தது. கை உதறியது. 'இவனை ஏன் அணைத்திருக்கிறாய்? விட்டுவிடு. யார் கேட்பார்கள்?' என்று உள்ளே ஒன்று கேட்டது. அது வேறு யாரோ அல்ல, தாமேதான் என்பது யாங்கிக்குத் தெரிந்தது. கிழவரின் நடுக்கம் குறையத் தொடங்கியது. அது நல்லதல்ல. பிள்ளையும் அப்படித்தான் நடுங்குவதை நிறுத்தினான்.

யாங்கி மூச்சை விட்டார். கைகளை உரசினார், ஒன்றைத் தம் நெஞ்சிலும் ஒன்றைக் கிழவரின் நெஞ்சிலும் வைத்தார்.

"அம்மா," என்றார் தாராவிடம், "எனக்கு இவர்மேல் கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன். அதையும் கொண்டுவந்து உன் முன்னால் உட்கார வைத்துவிட்டேன். நீ பார்த்துக்கொள். எனக்கு இந்த மூச்சை விடுகிற வேலை மட்டும் போதும்."

விட்டார். மறுபடி விட்டார். கோபம் போகவில்லை, ஆனால் அது நெஞ்சைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. காற்று, வீடு திரும்பும் மாடுபோல், மெல்ல மெல்ல வயிற்றுக்கு இறங்கியது. யாங்கி எதையும் மூட்டவில்லை. தொப்புளுக்குக் கீழே ஏதோ ஒன்று தானாகக் கண் விழித்தது.

கிழவர் முனகினார். "வெளியே பிள்ளை அழுகிறது... கதவைத் திறவுங்கள்... யாராவது திறவுங்கள்..."

யாங்கிக்குக் கண்ணீர் வந்தது. "திறந்தாயிற்று, தார்ப்பா லா," என்றார். "உள்ளே வாருங்கள்."

காற்று ஓய்ந்து ஆனிகள் ஓடி வந்தபோது, கல்வீட்டுக் கூரையிடுக்கில் ஆவி போய்க்கொண்டிருந்தது. "தீ மூட்டிவிட்டாளா?" என்று சிலர் பதறினார்கள். உள்ளே சாம்பல்கூட இல்லை. யாங்கியின் மார்பில் கிழவர் உறங்கிக்கொண்டிருந்தார். பல்மோ ஆனி குனிந்து அவருடைய உள்சட்டையைத் தொட்டார். கழுத்துப் பட்டியைத் தொட்டார், முதுகைத் தொட்டார்.

"உலர்ந்தது."

யாங்கி தலையை ஆட்டி மறுத்தார். "வேண்டாம், ஆனி லா. நான் கத்தியிருக்கலாம். ஒரு மூச்சு நேரம் வாய் மூடி நின்றேன்."

"அந்த மூச்சை என்ன செய்தாய்?"

யாங்கி யோசித்தார். "அவருக்கே கொடுத்துவிட்டேன்."

அப்போது மேலிருந்து ஆங்மோ மூச்சிரைக்க ஓடி வந்தாள். சந்நிதியில் விளக்கேற்றப் போனவள் அவள். யாங்கியின் முன் மண்டியிட்டாள். "அச்சே லா... தேவிக்கு முன்னால் வைத்த நீர்... இன்றைக்கு உறையவே இல்லை. எல்லாக் கிண்ணத்திலும் ஆவி பறக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். உங்கள் கை மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது."

அடுத்த சோதனையில் யாங்கியை முதலிடத்தில் உட்காரச் சொன்னார்கள். அவர் சிரித்துவிட்டு, துணி நனைக்கப் போய்விட்டார். பனியில் பிளந்த அந்தக் கைகளை, தன் கிண்ணத்து நீராகவே ஏற்றுக்கொண்டாள் தேவி. தம் கோபத்தையும் ஒளிக்காமல் கொண்டுபோய்ப் படைத்த அந்த அம்மையாரின் பாதம் நம் நெஞ்சில் இருக்கட்டும்.