செவ்வாய்க்கிழமை மீன்கள்

“இன்னொரு தடவ தண்ணி பெயிலாச்சுன்னா ஆலைக்குச் சீல் வெச்சிருவாங்கம்மா” என்றார் அர்த்தநாரி.

கோகிலவாணி நிமிர்ந்து பார்க்கவில்லை. தொட்டி ஓரத்தில் குந்தியபடி, நீளக் கம்பில் கட்டிய பிளாஸ்டிக் மக்கை உள்ளே விட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு முதலாளி. இவளுக்கு முப்பத்தாறு. பக்கத்து ஊர் ஆலையில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள். அந்த ஆலைத் தண்ணீர் ஏழு வருஷமாக ஒரு பரிசோதனையிலும் தவறியதில்லை. அதனால் சுற்றுவட்டார முதலாளிகள் வெட்கத்தை விட்டு இவளைத் தேடி வருவார்கள். பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

அர்த்தநாரிக்கு முணுமுணுக்கவும் தெம்பில்லை.

“எப்ப வர்றாங்க?”

“செவ்வாக்கிழம.”

“இன்னிக்குச் சனி.”

“ஆமாங்கம்மா.”

போனில் அவள் சொன்னபடி, தன் ஆலையின் காற்றடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அவள் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்துச் சிமெண்டுக் கட்டையின் மேல் வைத்தாள். ஒன்றில் தன் தொட்டித் தண்ணீரை ஊற்றினாள். மற்றதில் அவருடையதை. இரண்டும் ஒரே பழுப்பு நிறம்.

“அரைமணி நேரம் உக்காருங்க.”

“நான் எதுக்கு வந்தேன்னா...”

“பேசாம உக்காருங்க.”

அவரைப் பார்த்து அப்படிச் சொல்லும் தைரியம் அந்த வட்டாரத்தில் அவர் சம்சாரத்துக்கு மட்டும்தான் உண்டு. ஆனாலும் உட்கார்ந்தார். இரண்டு மாதமாக மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசு, வக்கீல், கெமிக்கல் விற்கிறவன், மறுபடி ஆபீசு என்று அலைந்து கால் ஓய்ந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தலை சரிந்து தூங்கிப்போனார்.

அவள் குடுவையை விரலால் சுண்டியபோதுதான் விழித்தார்.

அவள் குடுவையில் மண்டி அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அவருடையது ஊற்றியபடியே கலங்கிக் கிடந்தது.

“என்ன மருந்து போட்டீங்க?”

“ஒண்ணும் போடல.”

“ஒண்ணுமேவா?”

“இதுல உசுரு இருக்குதுங்க. தின்னுட்டு அடியில போயி உக்காருது. உங்களுதுல உக்கார ஆளில்ல.”

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் மாவுத் தண்ணீரைத் தின்று சுத்தம் செய்கின்றன என்று தொட்டி கட்டிய எஞ்சினியர் அன்றைக்கே சொல்லியிருந்தார். இவர் காதில் வாங்கியதோடு சரி.

“புளோயர் எப்பெப்ப ஓடுது?” தொட்டிக்குள் காற்றடிக்கும் மோட்டாரைத்தான் கேட்டாள்.

“செக்கிங்குக்கு மொத நாள்லருந்து ஓட்டுவோம்.”

“மத்த நாள்ல?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கரண்டு ரொம்பத் திங்குதுங்கம்மா.”

“மூச்சு விடறதும் செலவுதானுங்க.”



“போர்வெல் தண்ணியக் கலந்து விடறதுண்டா?”

“லேசா.”

“கடைசித் தொட்டியில மீனு?”

அவர் முகம் இதற்கு மட்டும் மலர்ந்தது. “அதெல்லாம் இருக்குதுங்கம்மா! ஒவ்வொரு செக்கிங்குக்கும் புது மீனா வாங்கி...”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்து ஆலைகளில் அது ஒரு வழக்கம். சுத்தமான தண்ணீர் வந்து சேரும் கடைசித் தொட்டியில் மீன் விட்டிருப்பார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதற்கு மீன் சாட்சி. வாயில்லாத சாட்சி என்பதால் முதலாளிகளுக்கு ரொம்ப வசதி. செவ்வாய்க்கிழமைக்கு வாங்குகிற மீன் வியாழக்கிழமை வயிற்றைக் காட்டி மிதக்கும். அதிகாரி வருகிற தேதி ஊருக்குத் தெரியுமோ தெரியாதோ, ஏரிக்கரை மீன்காரருக்குத் தெரிந்துவிடும்.

“செத்து மெதக்கறத நீங்க பாத்திருக்கீங்களா?”

“வாட்ச்மேன் அள்ளிருவாரு.”

“விடறது?”

“அதுவும் அவருதான்.”

அவள் தலையாட்டினாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

“ஒரு வழி சொல்லுங்கம்மா. நாப்பது பேரு வேல பாக்கறாங்க. மரவள்ளிக் கெழங்கு சீசன். மூணு லாரி வாசல்ல நிக்குது. ரெண்டு நாள் போனா கெழங்கு கெட்டுரும். எனக்கு ஓடி ஓடிச் சலிச்சுப் போச்சு.”

“எங்க தொட்டி மண்டிய, உசுரோட, ஒரு டேங்கர் தர்றேன். ஊத்தி, புளோயர நிறுத்தாம ஓட்டுங்க. ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. ஆபீசுக்கு உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துருங்க.”

“ஒரு மாசமா? நான் செவ்வாக்கிழமைக்கு வழி கேட்டா நீங்க என்னங்கம்மா! நானே போய் எழுதிக் குடுத்தா, சீல் வெக்க வர்றவங்களுக்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்ட மாதிரி ஆகாதா?”

கோகிலவாணி எழுந்து தன் கடைசித் தொட்டிக்குப் போனாள். வலையை விட்டு நான்கு ஜிலேபிக் கெண்டைகளைப் பிடித்து, பாதி பக்கெட் தண்ணீரில் போட்டு, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதுங்க வாங்குனது இல்லீங்க. இந்தத் தொட்டியிலயே பொறந்தது. இதுங்க ஆத்தாளும் இதுலதான் பொறந்துச்சு.”

“இத வெச்சு நான் என்ன பண்ண?”

“உங்க தொட்டியில விடுங்க. வாட்ச்மேன்கிட்டக் குடுக்காதீங்க. உங்க கையால விடுங்க.”

அவள் மக்கை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டாள். நாலு மீன் கொடுத்து அனுப்புகிறாளே, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

காரில் பக்கத்துச் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் பக்கெட்டை வைத்து ஓட்டினார். பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் பிரேக் போட்டார். வேகத்தடையில் ஊர்ந்தார். எப்படியும் மூன்று நாளில் சாகப்போகிற மீனுக்கு ஏன் இந்த மரியாதை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் வேகம் கூட்டவில்லை.

ஆலை வாசலில் கிழங்கு லாரிகள் நின்றன. அவற்றைத் தாண்டி நேராகக் கடைசித் தொட்டிக்கு நடந்தார். தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. புளித்த நாற்றம். தொட்டியின் மறுபக்கக் குழாய் வழியாக அது ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பக்கெட்டைத் தூக்கி விளிம்பில் வைத்தார். சாய்த்தார். கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. நிமிர்த்திவிட்டார்.

மறுபடி சாய்த்தார்.

இருந்ததிலேயே சின்ன மீன் வழுக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்தது. சட்டென்று உள்ளங்கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தார். அது அவர் கையை முட்டியது. விலகிப் போய், திரும்பி வந்து மறுபடி முட்டியது.

இதுவரை எத்தனை மீன் வாங்கியிருப்போம் என்று யோசித்தார். தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

“மொதலாளி, லாரிய உள்ள எடுக்கட்டுங்களா?” பின்னால் மாதேசு மேஸ்திரி வந்து நின்றார்.

அர்த்தநாரி பக்கெட்டை இறக்கி நிழலில் வைத்தார். ஓடைக்குப் போகும் குழாயின் வால்வைப் பிடித்துத் திருகினார். கட்டிய நாளிலிருந்து யாரும் மூடாத வால்வு, துருவேறி இறுகியிருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் முறுக்கினார். மேஸ்திரி உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். கடைசியில் அது அசைந்து கொடுத்தது. குழாயில் தண்ணீர் சன்னமாகி, சொட்டி, நின்றது.

“அரைக்கறத நிறுத்தச் சொல்லு. புளோயரப் போடு. லாரிக்காரங்கள வேற ஆலைக்கு அனுப்பிரு. ஆபீசுக்கு எழுதணும், ஒரு தாளு கொண்டா.”

மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அதிகாரி செவ்வாக்கிழமதானுங்களே வர்றாரு?”

அர்த்தநாரி நிழலில் இருந்த பக்கெட்டைப் பார்த்தார்.

“மீனு இன்னிக்கே வந்துருச்சே.”