ஒழுக்கை அடைக்கிற ஒத்தை வாஷர்

கோனியம்மன் மேல சத்தியம்! நான் சொல்றதுல ஒரு சொல் பொய்யா இருந்தா, உக்கடத்துல என் பழைய இரும்புக் கடையில கிடக்கிறது அத்தனையும் துருப்பிடிச்சுப் போகட்டும். ஏன் சிரிக்கறீங்க? ஏற்கெனவே துருதானா? சரி, இன்னும் பிடிக்கட்டும்.

கார்ப் பந்தயம் ஓட்டற நம்ம சாரதாமணி, வேகத்துக்குன்னு தன் குட்டிக் காருக்கு டர்போ மாட்டினா இல்ல? பந்தயத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில, கையெல்லாம் எண்ணெயோட கடைக்கு ஓடி வந்தா.

"ஏனுங் பெரியப்பா, டர்போவுக்கு எண்ணெய் போற குழாய் மூட்டுல ஒழுகுதுங். செப்பு வாஷர் இந்த அளவு ஊர்லயே இல்ல. தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் பந்தயத்துக்குள்ள விடமாட்டாங்க."

கூத்தைப் பாருங்க. டர்போவுக்கு வளையலை விப்பாங்க, ஸ்டிக்கருக்கு ஒரு மாசச் சம்பளத்தைக் கொட்டுவாங்க. வாஷர் மட்டும் என் குப்பையில பொறுக்கணும்!

சட்டைப் பையில இருந்து ஒண்ணை எடுத்தேன்.

"அம்மிணி, இதை ஒவ்வொரு தடவையும் கழட்டி, செவக்கக் காய்ச்சி, தண்ணியில போடுவேன். வெண்ணெயாட்ட இளகிப் புதுசாயிரும். முதல்ல ஒரு அம்பாசிடர்ல போட்டேன். ஒரு சொட்டு ஒழுகல, வண்டி அப்படிப் பறந்துது. உக்கடத்துல ஆரன் அடிச்சுட்டுக் கிளம்பினோம். பொள்ளாச்சியில டீ குடிச்சு, வடை தின்னு, கை கழுவுறப்பத்தான் அந்த ஆரன் சத்தம் பின்னால வந்து வழி கேக்குது!"

பக்கத்து ஷெட் கிட்டான் வேலையைப் போட்டுட்டு வந்து நின்னான். "அந்தச் சத்தத்துக்கும் ஒரு வடை வாங்கிக் குடுத்தீங்களா மாமா?"

அவன் கிடக்கறான்னு நான் தொடர்ந்தேன். "அப்புறம் ஒரு அணையில விரிசல். ஊர் பேர் வேண்டாம். எஞ்சினியருங்க கையைப் பிசையறாங்க. வாஷரை வச்சு ஒரு போல்ட்டை முறுக்கினேன். ஒழுக்கு நின்னுது. கொஞ்சம் அதிகமா முறுக்கிட்டேன், மேல பெஞ்ச மழையும் நின்னு போச்சு! வெவசாயிங்க வந்து கால்ல விழுந்தாங்க. அரைச் சுத்துத் தளர்த்தி விட்டேன், தூறல் விழுந்துது."

சாரதாமணி சிரிக்கவே இல்ல. "ஒழுகுற எல்லாத்தையும் அடைச்சீங்க. உங்க வாய்க்கு மட்டும் அளவு சேரலீங்களா?" கேட்டுட்டே இடுப்புப் பையில இருந்து ஒரு காந்தத்தை எடுத்து நீட்டினா.

வாஷர் டக்குனு ஒட்டிக்கிச்சு.

"செப்பு காந்தத்துல ஒட்டுங்களா பெரியப்பா? இது செப்பு முலாம் பூசின இரும்பு!"

கிட்டான் விழுந்து விழுந்து சிரிச்சான். நான் அசரல. "அம்மிணி, இத்தனை வருசம் இரும்பு போல்ட்டோட குடித்தனம் பண்ணியிருக்குது. ஒட்டுதல் இருக்காதா?"

அவ பார்வை வாஷரை விட்டு என் கைக்கு வந்துது. மூட்டுவலிக்குன்னு நான் போட்டிருந்த ரெண்டு விரல் அகலச் செப்புக் காப்பு. காந்தத்தை வச்சா. ஒட்டல. அவ்வளவுதான்! கிட்டான் என் தோளைப் பிடிக்க, அவ காப்பை உருவிட்டா. சுத்தியால தட்டித் தட்டையாக்கி, வட்டமா வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, தேய்ச்சு, செவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா. மாட்டி முறுக்கினா. ஒரு சொட்டு? ம்ஹூம்.

பந்தயத்துல அவதான் முதல். எப்படி வராம இருக்கும்? என் காப்பாச்சே! என்ன, என் மூட்டுவலியும் காப்போடயே வண்டிக்குப் போயிருச்சு. நான் இப்ப மருதமலைப் படியில ஓடறேன். அந்த வண்டி காலையில குளிர் அடிச்சா, தைலம் தேய்க்காம எந்திரிக்க மாட்டேங்குது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். கோப்பையைக் கையில வச்சுக்கிட்டு, "அந்த வாஷர் ஜப்பான்ல இருந்து கப்பல்ல வந்துது"ன்னு சொல்லிட்டுத் திரியறா பாருங்க! கிட்டான் பயலும் கப்பலைக் கண்ணால பார்த்தேன்னு சாட்சி சொல்றான். இந்தக் காலத்துல வெக்கமில்லாம எப்படித்தான் புளுகறாங்களோ!

ஆனா சாமி, உண்மையைச் சொன்னது நான்னு மட்டும் யாருகிட்டயும் வாயைத் திறந்துராதீங்க. அவகிட்ட இன்னும் அந்தக் காந்தம் இருக்குது. என் அரணாக்கொடியில ஒரு செப்புத் தாயத்து தொங்குது.