புளிக்குழம்புக்கு வந்த கண்ணீர்

"இனிமே நான் பந்தியில உக்கார மாட்டேன் அம்மா" என்றார் இசக்கிமுத்து.

ஆசிரமத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரான இசக்கிமுத்துவைவிட வயதில் இளையவர்.

"ஏன்?"

"சோத்துல கை வச்சா என் இடது கண்ணு ஒழுகுது. பாக்கிறவன் எல்லாம் பக்தின்னு நெனைக்கான். நான் அவியல் மெல்லுதேன், அவன் என் கால்ல விழுதான்."

"மென்னு முடிச்சிட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க."

"கேலி பண்ணாதீங்க. முகவாதம் வந்து தேறினப்பவே டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு. கன்னத்து எலும்புக்குப் பின்னால, பருப்பு மாதிரி ஒரு நரம்பு முடிச்சு. கண்ணீர் சுரக்கிறது அது வழியாத்தான். நரம்பு திரும்ப வளந்தப்போ, எச்சிலுக்குப் போக வேண்டிய இழை வழி தப்பி அந்த முடிச்சுல போய்ச் சேந்துட்டு. வாய் ஊறும்போது கண்ணும் ஊறுது. நானும் கரண்டு வேலை பாத்தவன்தானே. இது தப்பாப் போட்ட ஒயரிங்."

"அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். என்ன அடக்கம்னு சொல்லி மறுபடியும் விழுந்தாங்க."

அம்மா சிரித்தார். இசக்கிமுத்து சிரிக்கவில்லை.

"இன்னைக்கு நடந்தது அதைவிட அநியாயம். மகனைப் பறிகொடுத்துட்டு வந்திருக்காளே பொன்னுத்தாய், எனக்கு எதிர் இலை. வந்ததுலேருந்து அவ அழவும் இல்ல, சாப்பிடவும் இல்ல. நான் புளிக்குழம்பைப் பிசைஞ்சேன், கண்ணு கொட்டிச்சு. 'என் பிள்ளைக்காகவா அழுதீக அண்ணாச்சி'ன்னு கேட்டா. கேட்டுட்டுக் குமுறிக் குமுறி அழுதா. அப்புறம் இலையில இருந்ததைச் சாப்பிட்டா."

"ரசம் ஊத்திக்கிட்டாளா?"

"ரசமா இப்போ முக்கியம்? அந்தப் பையன் மூஞ்சியை நான் பாத்ததில்ல. பேருகூடத் தெரியாது. பெத்தவகிட்ட இப்படி ஒரு ஏமாத்து வேலையா? என்னால தாங்க முடியல. உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"சொல்லுங்க."

அவர் எழுந்தார்.

"அதுக்கு முன்னால, பையன் பேரு என்னன்னு கேட்டுக்கிடுங்க" என்றார் அம்மா.

இசக்கிமுத்து திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. இரண்டு கண்களும் சிவந்திருந்தன. கீரை அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

"கேட்டீங்களா?"

"துரைப்பாண்டி. பதினோரு வயசு. பாம்பைக் கையால பிடிப்பானாம். சைக்கிள்னா மட்டும் பயமாம்."

"உண்மையைச் சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன். நரம்பு, முடிச்சு, புளிக்குழம்பு எல்லாம்."

"அவ என்ன சொன்னா?"

"'சரி அண்ணாச்சி, இப்போ வாயில என்ன வச்சிருக்கீக'ன்னு கேட்டா."