கார்பன் சைக்கிளும் தலைவரின் கையும்

பொள்ளாச்சியில் ஒரு சைக்கிள் கடை. செவந்தி அங்கே மெக்கானிக்காகச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அன்று பார்த்து சைக்கிள் சங்கத் தலைவர் தண்டபாணி, பத்துப் பேர் பின்னால் வர, தன் புதுக் கார்பன் சைக்கிளை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கியர் சரி பண்ணோணும். சைக்கிளைக் கவ்வித் தூக்கி நிறுத்துற ஸ்டாண்டில மாட்டித்தான் பண்ணோணும். ஆனா ஸ்டாண்டோட பிடி என் சைக்கிள்மேல படவே கூடாது. இறுக்கிப் பிடிச்சா கார்பன் குழாய் நொறுங்கிப்போகும். இந்தப் புள்ளைக்கு அதெல்லாம் தெரியுமாக்கும்?"

"பட்டுச்சுன்னா நாளையிலிருந்து வராதே" என்றார் முதலாளி செவந்தியிடம்.

"படாதுங்க. தலைவர் மட்டும் கொஞ்சம் கை குடுத்தாப் போதுமுங்க."

"குடுத்தாப் போச்சு!" என்றார் தண்டபாணி.

செவந்தி திருகாணியைத் தளர்த்தி, சீட்டை அதன் கம்பியோடு உருவி அவர் கையில் கொடுத்தாள். அதே பருமனில் ஒரு பழைய இரும்புக் கம்பியை அந்தத் துளையில் இறக்கி, அளவோடு முடுக்கினாள். ஸ்டாண்டு அந்த இரும்பைக் கவ்விக்கொண்டது. சைக்கிள் அந்தரத்தில் ஆடாமல் நின்றது.

தண்டபாணி குனிந்து குனிந்து பார்த்தார். பிடி அவர் சைக்கிளில் எங்குமே படவில்லை.

"சரி, இந்தச் சீட்டை எங்க வைக்கிறது?"

"அந்தக் கம்பியும் கார்பனுங்க. கீழ வெச்சாக் கீறல் விழுகும். அதுக்கு நீங்கதானுங்க ஸ்டாண்டு."

பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆனது. தலைவரும் ஆடாமல் நின்றார்.

நடுவில் டீக்காரர் வந்தார்.

"செவந்திக்கு ஒண்ணு குடுங்க" என்றார் முதலாளி. "தலைவருக்குக் கை காலியில்லை."