சாத்தையாவின் இடது பக்கம்

காட்டு ஏரிக்கரையில் சாத்தையா என்ற ஆட்காட்டிக் குருவி காவல் காத்து வந்தது. யாராவது வந்தால் அது போடும் கூச்சலில் ஏரியே அதிரும். "அக்கரையில எறும்பு போனாலும் எனக்குத் தெரியும்!" என்று பீற்றிக்கொள்ளும். அது உண்மையும்கூட.

ஒருநாள் காலை, சாத்தையாவின் இடது பக்கம் இரண்டடி தூரத்தில் ஒரு கீரி நடந்து வந்தது. கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்த நான்கு முட்டைகளில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. சாத்தையா அக்கரையைப் பார்த்தபடியே நின்றது.

தண்ணீர் குடிக்கப் போன மனைவி பவளம் திரும்பி வந்து அலறியது. "கண்ணை எங்கே வச்சிருந்தீங்க?"

"சத்தியமா எதுவும் வரலை, பவளம்!"

அது பொய் சொல்லும் முகமாக இல்லை. பவளத்துக்கு அழுகையோடு பயமும் வந்தது. மீதி முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு, ஏரியில் நின்ற நாரை டாக்டரைக் கூவி அழைத்தது.

நாரை, சாத்தையாவின் வலது கண்ணை இறகால் மூடியது. "என் மூக்கையே பாருங்க. புல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

இடப்பக்கமிருந்து ஒரு புல்லை மெல்ல நகர்த்தியது. அது ஏறக்குறைய மூக்கருகே வந்த பிறகுதான் சாத்தையா, "இதோ!" என்றது.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடியிருக்கு," என்றது நாரை. "மதகு அடைச்சா தண்ணி கரையை முட்டுது இல்லையா, அந்த மாதிரி. நரம்பு கெட்டு, ஓரப் பார்வை போயிடுச்சு."

"வலிக்கவே இல்லையே!"

"அதான் இந்த நோயோட கள்ளத்தனம்!"

நாரை நத்தை ஓட்டில் சொட்டு மருந்து கொடுத்தது. காலையும் மாலையும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

பத்து நாள் மருந்தைக் கண்ணில் விட்டது. பதினோராம் நாள் சாத்தையா நத்தை ஓட்டை உதைத்துத் தள்ளியது. "பார்வை துளிகூடக் கூடலை! எரிச்சல்தான் மிச்சம்! இதெல்லாம் ஒரு மருந்தா?" நமக்கும் அப்படித்தானே, பலன் கண்ணில் படாவிட்டால் மருந்தின் மேல்தான் கோபம் வருகிறது.

பவளம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டது. "கீரி கொண்டுபோன முட்டை திரும்பி வந்துச்சா?"

"வரலை."

"அப்போ மீதி மூணை மட்டும் எதுக்குக் காவல் காக்கிறீங்க? அதையும் விட்டுடலாமே!"

"என்ன பேச்சு பேசுறே! இருக்கிறதையாவது காப்பாத்த வேண்டாமா?"

சொல்லி முடிப்பதற்குள் சாத்தையாவின் குரல் இறங்கிவிட்டது. வெட்கத்தோடு நடந்துபோய் ஓட்டை நிமிர்த்தியது. அடியில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது.

அதன்பின் ஒரு வேளையும் தவறவில்லை; தீர்ந்ததும் நாரையிடம் மறுபடி வாங்கிக்கொண்டது. அடிக்கடி இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டது. குஞ்சு பொரித்த அன்று கீரி மறுபடியும் அதே வழியில் வந்தது. சாத்தையா கண்டுவிட்டது! அது போட்ட கூச்சலில் கீரி வந்த வழியே ஓடியது. மூன்று குஞ்சுகளும் மிரண்டு பவளத்தின் இறகுக்குள் புகுந்துகொண்டன.

வலிக்கவில்லை, பார்வை கூடவில்லை என்று கண் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். போன பார்வை திரும்பாது, இருக்கும் பார்வையை நாள் தவறாமல் கவனித்தால் காப்பாற்றிக்கொள்ளலாம்.