முள்ளம்பன்றியும் குரல் கொடுக்காத மானும்

குறுங்காட்டு ஏரிக்கரையில் தினமும் விடியற்காலையில் விலங்குகள் ஓடின. எதையும் துரத்திக்கொண்டு ஓடவில்லை. எதற்கும் பயந்தும் ஓடவில்லை. ஓடுவது பிடித்திருந்தது, ஓடின. அவ்வளவுதான்.

கரை குறுகலானது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கருவேலம். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பின்னாலிருந்து முந்துகிறவர், "நான்தான், வலப்பக்கம் வர்றேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். காட்டில் முதுகுக்குப் பின்னால் பேச்சில்லாமல் வரும் காலடிக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. இது அது இல்லை என்று சொல்வதற்கே அந்தக் குரல்.

கூட்டத்திலேயே மெதுவாக ஓடுவது கூரன் என்ற முள்ளம்பன்றி. குட்டைக் கால், நெட்டை ரோஷம். "கரை எல்லாருக்கும் பொது. வேகமா ஓடுறவனுக்கு யாரும் பட்டா போட்டுக் குடுக்கல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடும்.

முள் உள்ளவனை யாரும் கட்டிக்கொள்வதில்லை. தோளில் கை போடுவதும் இல்லை. ஆனால் ஓட்டத்தில் எல்லோரும் கூரனை முந்தினார்கள். ஆகவே எல்லோருடைய குரலும் அதற்குக் கிடைத்தது. "நான்தான் கூரண்ணே" என்று காட்டுப்பன்றி மூச்சிரைக்கும். "நான்தாண்ணே" என்று கீரி கீச்சிடும். அந்தக் குரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கூரன் மதகடியில் இருந்த தன் வளையில் பகலெல்லாம் நிம்மதியாகத் தூங்கியது. இதை அது யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற ஆளும் இல்லை.

அந்தக் கரைக்கு முறுக்கன் என்ற வெளிமான் வந்து சேர்ந்தது. முறுக்கிய கொம்பு, காற்றைப் போல ஓட்டம். அது யாருக்கும் குரல் கொடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"பேசினா மூச்சு வீணாகும். திரும்பினா வேகம் குறையும். உண்மையான ஓட்டக்காரன் ரெண்டையும் செய்யமாட்டான்" என்றது.

ஒரு நாள் அது கூரனைச் சத்தமில்லாமல் முந்தியது. பின்னால் காலடி கேட்டது, குரல் கேட்கவில்லை. கூரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்தது. அதில் ஒன்று முறுக்கனின் தொடையில் தைத்தது.

மருத மரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. காட்டுப்பன்றி தலைமை தாங்கியது.

"இந்தப் பெரியவர் கரையில ஓடுனா எங்களுக்கு ஆபத்து" என்றது முறுக்கன்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முள்ளு படுத்தே கிடந்திருக்கும், தம்பி" என்றது கூரன். "அது என் பேச்சைக் கேக்காது. பயத்தோட பேச்சைத்தான் கேக்கும்."

"உங்க பயத்துக்கு நான் ஏன் கத்திக்கிட்டு ஓடணும்?"

வேகமாக ஓடுகிறவன் எதைச் சொன்னாலும் நியாயம் போலவே கேட்கும். கீரி தலையாட்டியது. காட்டுப்பன்றி தொண்டையைச் செருமியது.

"கூரண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. நீங்க உச்சி வெயில்ல ஓடுங்களேன். அப்ப கரை காலியாத்தான் கிடக்கும்."

"காலியான கரையில எதுக்குப்பா ஓடணும்? அந்நேரம் என் நிழல்கூட கூட வராது, காலுக்கடியில போய்ப் படுத்துக்கும்" என்றது கூரன். அது முள்ளை ஒடுக்கிக்கொண்டு வளைக்குப் போனது.

மறுநாளிலிருந்து முறுக்கனின் பாணியே கரையின் பாணி ஆயிற்று. குரல் கொடுப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று கீரி சொல்ல ஆரம்பித்தது. காட்டுப்பன்றிகூட வாயை இறுக்க மூடிக்கொண்டு முகம் சிவக்க ஓடியது.

கூரன் வளை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. தொம் தொம் என்று போவது காட்டுப்பன்றி. சரசரவென்று போவது கீரி. தரையைத் தொட்டும் தொடாமலும் போவது முறுக்கன். காலடி எல்லாம் வந்தது. 'நான்தாண்ணே' மட்டும் வரவில்லை. பகலில் அதற்குத் தூக்கமும் வரவில்லை.

இப்படியிருக்க ஒரு காலை, மற்றவர்கள் ஓடி முடித்துப் போய்விட்டார்கள். முறுக்கன் மட்டும் இன்னொரு சுற்று ஓடியது. அதன் காலடி கூரனுக்குக் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு காலடியும் கேட்டது. மெத்தென்ற காலடி. சீரான காலடி. கரைக்குப் புதிது.

"யாரு பின்னால வர்றது? குரல் குடு" என்று கூரன் கத்தியது.

பதில் இல்லை.

"தம்பி, திரும்பிப் பாரு!"

"பெரியவரே, ஓட்டத்தைக் கெடுக்காதீங்க" என்றது முறுக்கன். திரும்பவில்லை. தன்னோடு ஈடுகொடுத்து ஓட இன்று ஒருவன் கிடைத்துவிட்டான் என்று அதற்குச் சந்தோஷம். கடைசித் தூரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம் என்று வேகத்தைக்கூடக் குறைத்துக்கொண்டது. "வாப்பா, சேர்ந்தே ஓடுவோம்" என்று கொம்பை ஆட்டியது.

பின்னால் வந்தது ஓநாய்.

கூரன் ஒரு கணம் யோசித்தது. இது எனக்குத் தடை போட்ட கரை. அது எனக்குத் தடை போட வைத்த மான். மூச்சை மிச்சம் பிடித்தவன் அதை வைத்தே பிழைத்துக்கொள்ளட்டும். இப்படி நினைத்து முடிப்பதற்குள் அதன் குட்டைக் கால்கள் கரையேறிவிட்டன. ரோஷத்துக்குக் கால்கள் காத்திருக்கவில்லை.

மான் கடந்ததும் கூரன் பாதையின் குறுக்கே முதுகைக் காட்டி நின்றது. பேச்சில்லாத காலடி நெருங்கியது. பயம் வந்தது. முள் எழுந்தது. ஓநாய் பாய்ந்த வேகத்தில் மூஞ்சியை அதில் கொண்டுபோய்ப் புதைத்தது.

அது போட்ட ஊளையில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்தன.

"இந்தக் கரையில யாருமே குரல் குடுக்கிறதில்லையே" என்று முனகியது ஓநாய். "புதரிலிருந்து பார்த்துப் பார்த்துத்தானே வந்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. நீ மட்டும் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நான் வேகமா ஓடுறவன் இல்ல. அதனால காது சும்மா இருந்துச்சு" என்றது கூரன்.

மூக்கில் முள்ளோடு ஓநாய் கருவேலத்துக்குள் விழுந்தடித்து ஓடியது. அப்போதுதான் முறுக்கன் திரும்பிப் பார்த்தது. ஓடிய வழியே நாலடி திரும்பி வந்தது. கூரன் அதற்காக நிற்கவில்லை. முள்ளை உதறிக்கொண்டு வளைக்குள் போய்விட்டது.

மறுநாள் விடிந்தது. கூப்பிடாமல் போகக் கூடாது என்று கூரன் வளைக்குள்ளேயே படுத்திருந்தது. கண்ணை மட்டும் மூடியிருந்தது.

தொம் தொம்மென்று காலடி வந்தது. "நான்தான் கூரண்ணே" என்றது காட்டுப்பன்றி. ஓநாய் வந்த கதையை அது முறுக்கனிடம் கேட்டிருந்தது; குரலில் வெட்கம் இருந்தது.

"நான்தாண்ணே, நான்தான்" என்று கீரி ஒன்றுக்கு இரண்டாகக் கீச்சிட்டது.

கூரன் அசையவில்லை. கடைசியாக ஒரு மெல்லிய காலடி வளை வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, நான் முறுக்கன். வலப்பக்கம் வர்றேன்."

"நான் படுத்துக் கிடக்கேன். நீ யாரைத் தாண்டப் போற?"

"நீங்க எழுந்து வந்தாத்தானே தாண்ட முடியும். அதுவரைக்கும் இங்கதான் நிக்கப் போறேன்."

"வேகம் குறைஞ்சிடுமேப்பா."

"குறையட்டும்ணே."

கூரன் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தது. யாரையும் பார்க்காமல் கரையேறி ஓடத் தொடங்கியது. "கரை எல்லாருக்கும் பொது" என்று முணுமுணுத்தது. பின்னால் கொம்பு உரசும் நெருக்கத்தில் மான் வந்தது. "நான்தாண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தது. கூரனின் முதுகில் ஒரு முள்கூட எழவில்லை.

முன்னே போகிறவனுக்குக் குரல் கொடுப்பது அவனுக்குப் போடும் பிச்சை அல்ல. அந்தக் குரல் நின்றுபோன பாதையில் பகைவனுக்கும் தோழனுக்கும் காலடி ஒன்றாகிவிடும்.